சோற்றுப் பசையில் ஒட்டிய மனு

இதே சபையில், ஆராதனையின் இதே சாட்சி நேரத்தில், நான் முன்னாலும் ஒரு தடவை எழுந்து பேசியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது நடக்கவில்லை. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். இத்தனை வருஷம் கழித்து அதைத் திருத்திச் சொல்லத்தான் இன்றைக்கு நிற்கிறேன். ஆண்டவர் என் வாயைக் காக்கட்டும், ஏனென்றால் அன்றைக்கு என்னைக் கெடுத்ததே இந்த வாய்தான்.

எண்பதுகளின் கடைசி. மம்சாபுரத்தில் நானும் என் அக்கா எஸ்தரும் மட்டும் ஒரு வீட்டில் இருந்தோம். அம்மா அப்பா இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போனவர். ஆறு வருஷமாக ஒரு கடிதம் கிடையாது. நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. தமிழ் படித்தேன். கடைசி வருஷம். பாஸ் பண்ணினால் ஒரு டுடோரியலில் தமிழ் வாத்தியார் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மில்லைவிட்டு வெளியே வர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மார்ச் மாதம், பகல் ஷிப்ட். பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் அடைப்பு விழுந்தது. மெஷின் நிற்பதற்குள் கையை விட்டேன். என் அவசரப் புத்தி. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நரம்பு அறுந்து போயின. மூன்று நான்கு மாதத்துக்குப் பேனாவை நினைக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மே மாதம் பரீட்சை.

இலக்கியப் பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும், அது கைக்கு வைக்கிற பரீட்சை. மூன்று மணி நேரம் ஓயாமல் எழுத வேண்டும். தாள் எத்தனை கட்டுகிறோமோ அத்தனை மார்க் என்று நம்பின ஆள் நான். பாட்டை வாசித்ததைவிட நோட்ஸை மனப்பாடம் செய்ததுதான் அதிகம். அதைக் கொட்டுவதற்குத்தான் எனக்குக் கை தேவைப்பட்டது.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எங்கே போய் யாரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கை முடியாதவர்கள், நாம் சொல்லச் சொல்ல எழுதுகிற ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஏப்ரலுக்குள் மனுப் போட வேண்டும், எழுதுகிற ஆள் நம்மைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று விசாரித்து வந்தாள். மனுவை எழுதி, அதில் டாக்டர் கையெழுத்தும் வாங்கி என் முன்னால் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் இங்கே எழுந்து நின்றேன். "பரீட்சை அன்னைக்கு இந்தக் கையாலேயே எழுதுவேன். ஆண்டவர் எனக்குக் காட்டிட்டார்" என்றேன். நடக்கும் முன்பே நடந்ததாகச் சாட்சி சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டல்லவா? சபையே அல்லேலூயா சொன்னது. சிலர் அழுதார்கள். உண்மையில் ஆண்டவர் எனக்கு ஒன்றும் காட்டவில்லை. எல்லாரும் என்னையே பார்த்ததும் வாய் நிற்காமல் ஓடிவிட்டது.

அதற்குப் பிறகு எப்படி மனுப் போடுவது? வீட்டுக்குப் போய் அக்கா கண் முன்னாலேயே அதைப் பல்லால் கடித்து, இடது கையால் நான்காகக் கிழித்தேன்.

"ஏலே, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? அந்தக் கையெழுத்துக்கு எம்புட்டு நேரம் காத்துக் கெடந்தேன் தெரியுமா?"

"ஒனக்கு விசுவாசம் இல்லக்கா."

ஆறு வருஷமாகத் தினமும் ஒரே மனுஷனுக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கிறவளைப் பார்த்து அதைச் சொன்னேன். அவள் குனிந்து காகிதத்தைப் பொறுக்கினாள்.

ஏப்ரல் முழுக்க உபவாசம் இருந்தேன். தினம் காலையில் கட்டை அவிழ்த்து விரலை மடக்கிப் பார்ப்பேன். மடங்காது. மறுபடி கட்டிக்கொண்டு ஜெபிப்பேன். கடைசி வாரத்தில் ஜெபம் போய்ப் பயம் மட்டும் இருந்தது. மனுப் போடும் தேதியும் முடிந்துவிட்டது.

முதல் பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பேனாவைச் செருகி எழுதிப் பார்த்தேன். நாலு வரியில் கட்டுத் துணியில் ரத்தம் கசிந்துவிட்டது. இடது கைக்கு மாற்றினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் போனது. சுற்றிலும் எல்லாரும் "சார், பேப்பர்" என்று கை தூக்கிக்கொண்டே இருந்தார்கள். கண்காணிப்பாளர் தாளும் கட்டு நூலுமாக நடந்துகொண்டே இருந்தார். என் பெஞ்சைத் தாண்டும்போது மட்டும் நிற்காமல் போனார். மூன்று மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இரண்டு வருஷப் படிப்பு அவ்வளவுதான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். மம்சாபுரம் பஸ் மூன்று போயிற்று. எதிரே பால்கோவாக் கடையில் கூட்டம். எல்லாருக்கும் ஒரு வீடு இருந்தது, வாங்கிக்கொண்டு போக ஒரு காரணம் இருந்தது. எனக்கு மில் போயிற்று, படிப்பு போயிற்று, சபையில் முகம் காட்டவும் வழி இல்லை. செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, இனிமேல் உம்மிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. நீரே பார்த்துக்கொள்ளும்" என்றேன். பக்தியில் சொல்லவில்லை, வெறுத்துப் போய்ச் சொன்னேன். அந்த இரண்டு மாதத்தில் நான் பொய் கலக்காமல் பண்ணின ஜெபம் அது ஒன்றுதான்.

வீட்டில் நோட்ஸையெல்லாம் அடுப்புப் பக்கம் வீசினேன். அக்கா பைபிளைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நான் கிழித்த மனு. சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பின்னால் ஒட்டி, பைபிளுக்குள் வைத்து அழுத்தி வைத்திருக்கிறாள். டாக்டர் கையெழுத்து நடுவில் கோணலாகச் சேர்ந்திருந்தது.

"இன்னும் நாலு பரீட்சை கெடக்குல்ல? நாளைக்குக் கெளம்பு. என் பள்ளிக்கூடத்து டி.சி.யும் எடுத்து வச்சிருக்கேன்."

"தேதி போச்சுக்கா. யாரு எழுதுவா?"

"நான் எட்டாப்புதானலே? ஒன்னயவிடக் கொறச்சல்தான?"

மறுநாள் பரீட்சைக்குப் பொறுப்பான அதிகாரி அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "யார் கிழிச்சது?" என்றார். அக்கா, "தவறிக் கிழிஞ்சு போச்சுங்கய்யா" என்றாள். எனக்காகப் பொய் சொன்னாள். நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

"நான்தான் சார் கிழிச்சேன். கை சொகமாயிரும், எழுதிருவேன்னு ஊரு பூரா சொல்லிட்டேன். மனுப் போட்டா வெக்கமா இருக்கும்னு கிழிச்சேன்."

அவர் என் கையைப் பார்த்தார். வெளியே நிற்கச் சொன்னார். வேப்ப மரத்தடியில் மத்தியானம் வரை நின்றோம். அவர் எங்கெங்கோ போன் பேசினார். பிறகு கூப்பிட்டார். "இனி வர்ற நாலு தாளுக்கு எழுதலாம். தனி ரூம். போன தாள் போனதுதான்" என்றார். அக்கா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

தனி அறையில் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மெதுவாகத்தான் எழுதுவாள். நோட்ஸில் இருந்த பெரிய பெரிய வார்த்தைகளைச் சொன்னால் பேனா நின்றுவிடும். மூன்றாவது தாளில், புருஷன் பிரிந்து போன பெண்ணைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். "பிரிவுத் துயரம் நயம்பட எடுத்தியம்பப்பட்டுள்ளது" என்று ஆரம்பித்தேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பேசக்கூடாது என்பது விதி. மறுபடி தாளில் குனிந்தாள். எனக்குத்தான் கூசிப் போயிற்று. இரண்டு வருஷம் அந்தப் பாட்டைப் படித்திருக்கிறேன், அந்தப் பெண் என் வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லை.

"அதை அடிச்சிரு, அக்கா" என்றேன். பிறகு சாதாரணமாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அவன்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூட லேசாக இருக்கும். ஊரார் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பதுதான் அவளுக்கு அவனைவிடப் பெரிய பாரம். இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்காவின் கை நின்றது. கண்காணிப்பாளர், "என்னம்மா?" என்றார். "பேனா மை கட்டிக்கிச்சுங்கய்யா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு எழுதினாள்.

நாலு தாளும் பாஸ். முதல் தாளில் தோற்றேன். அடுத்த தடவை காலத்தோடு மனுப் போட்டு, அக்காவையே வைத்து எழுதித் தேறினேன். டுடோரியல் வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் பாடம் நடத்துகிறேன். நோட்ஸ் கொடுப்பதில்லை.

இந்த இரண்டு விரலும் இன்னும் மடங்கவில்லை. பாருங்கள். நான் கேட்டபடி ஆண்டவர் செய்யவில்லை. நான் கேட்பதை நிறுத்தின அன்றைக்கு, அக்காவின் பைபிளுக்குள் பதில் காய்ந்து தயாராக இருந்தது. அவருக்கு ஸ்தோத்திரம். உங்களில் யாருக்காவது இப்போது வழி அடைபட்டிருந்தால் நம்புங்கள், நம்பிக்கொண்டே மனுவையும் போடுங்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த மூன்றாவது தாள் எழுதிவிட்டுப் பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

"ஏலே, அந்தப் பாட்டுல அவ வீட்டுக்காரரு பொறவு வந்தாரா?"

"பாட்டுல அது எழுதலக்கா."

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"எழுதலேன்னா வரலேன்னு ஆயிருமா?"

அவளுக்கு விசுவாசம் இல்லை என்று சொன்னவன் நான். அவளுடைய வீட்டுக்காரர் இன்று வரைக்கும் வரவில்லை. சாட்சி நேரத்தில் அவள் எழுந்திருக்கவே மாட்டாள், சொல்ல ஒன்றும் இல்லை என்பாள். அதோ, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்காகக் கை தட்ட வேண்டாம். அவளுக்காக எல்லாரும் முழங்கால் போடுங்கள்.