கலசத்தில் ஒட்டிய காந்தம்

குடமுருட்டி ஆற்றிலிருந்து தங்கக் கலசம் எடுத்து மருதையன் கொல்லையில் புதைத்துவிட்டார் என்று வலங்கைமான் கடைத்தெருவில் பேச்சு. டீக்கடையில் அஞ்சு கிலோ. சலூனுக்குப் போவதற்குள் எட்டு கிலோ. கொல்லைக்கே போய்ப் பார்த்தால் ஒரு முருங்கை மரமும் கொடியில் தொங்கும் நைலான் கயிறும்தான். கயிற்றின் நுனி அறுந்திருக்கிறது. நடந்ததெல்லாம் அந்த நுனியில்தான்.

மருதையன் பத்து வருஷம் பட்டாசுக் கொட்டகையில் வாணம் கட்டியவர். இடது கையில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு ஆற்றுக்கு மாறினார். பாலத்திலிருந்து பக்தர்கள் வீசும் காசு இப்போதெல்லாம் காந்தத்தில் ஒட்டுகிறதே! மைக் செட் இப்ராஹிம் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துக் காந்தம் கொடுத்தார். "இரவல்தாண்ணே. ஆடிப்பெருக்குக்கு எனக்கு ஸ்பீக்கர் வேணும்." அதை நைலான் கயிற்றில் கட்டி ஆற்றில் வீசிக் காசு எடுத்தார் மருதையன்.

வைகாசியில் ஒரு காலை. பாலத்தடி மடுவில் காந்தம் கனமாக எதையோ பிடித்தது. மணலுக்கு இழுத்தார். முழங்கை நீளம், கூர்மூக்கு, இடுப்பில் பித்தளை வளையம். பார்த்ததும் இல்லாத இரண்டு விரலும் வலித்தன. கயிற்றை அறுத்தார், காந்தத்தைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் குலுங்கும்.

"கிட்ட வராதீங்க, குண்டு!"

ஊர் ஓடியது, அவரை நோக்கி. மகளிர் குழுத் தலைவி விஜயலட்சுமி கண்ணில் பித்தளை மட்டும்தான் பட்டது. கோயில் கலசமேதான்! மஞ்சள் தெளித்தாயிற்று, தாம்பாளத்தில் சூடமும் வந்துவிட்டது.

"அக்கா, அணைங்க அத!"

"சாமியப் போய் குண்டுங்கிற, வாய் அழுகிடும்."

மருதையன் தாம்பாளத்தை எட்டி உதைத்தார். சூடம் தண்ணீரில் விழுந்தது. அவர் முதுகில் நாலு அடி விழுந்தது. அடி வாங்கிக்கொண்டே போலீசுக்குப் போன் போட்டார்.

"சாக்குல சுத்தி டூவீலர்ல எடுத்துட்டு வாய்யா."

"முன்னால வச்சா, பின்னால வச்சா சார்?"

"நக்கலா?"

கடைசியில் போலீஸ் சொல்லி அனுப்பிய வெடிகுண்டு நிபுணர்கள் வரும்வரை, மூன்று மணி வெயிலில், செல்பி எடுக்க வந்த படித்தவர்களையெல்லாம் ஒரு மூங்கில் கழியோடு ஒற்றை ஆளாக விரட்டினார். வந்த அதிகாரி பார்த்தவுடன் வெளிறிப்போய், முதல் வேலையாகக் கூட்டத்தை வாய்க்காலுக்கு அப்பால் ஓட்டினார்.

"இதத் தொட்டது யாரு?"

"தொடல சார். தெரியாம இழுத்துட்டேன்."

"கனமா மாட்டினா இழுக்கவே கூடாது. இழுத்துட்டா அப்படியே போட்டுட்டு ஓடியிருக்கணும்."

"ஓடியிருந்தா சூடம் கொளுத்தியிருப்பாங்க சார்."

மணல் மூட்டை அடுக்கி, காந்தத்தோடு சேர்த்தே வெடிக்க வைத்தார்கள். சத்தம் வலங்கைமான் வரை கேட்டது. கலசப் பேச்சு மட்டும் சிதறவில்லை. வெடிச்சது டூப்ளிகேட், அசலை அதுக்கு முன்னாடியே மாத்திட்டான் என்கிறார்கள். யார் உயிரைக் காப்பாற்றினாரோ அவர்கள் சொல்வது இது! அடித்தவர்களில் ஒருவரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. போலீசோ, இனிமேல் ஆற்றில் இறங்கமாட்டேன் என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டது.

ஆடிப்பெருக்கு வந்து போயிற்று. இப்ராஹிமின் இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று ஊமை.

"காந்தம் எங்கண்ணே?"

"சர்க்கார் வெடிச்சிருச்சு பாய். நஷ்டஈடு கேட்டா, வாங்கின பில்ல கொண்டாங்கிறாங்க."

"முப்பது வருஷ ஸ்பீக்கருக்கு பில்லா!" என்று இப்ராஹிம் சிரித்துவிட்டார். ஆனாலும் மருதையன் இன்றுவரை மைக் செட் கடை வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறார்.