பூனை இளைத்த கதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தபோது ஆரம்பித்தது இது. நானும் கணவரும் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட். மாமியார் தவறிய பிறகு, சொந்த ஊரான கல்லாவியில் இருந்த மாடுகளை விற்றுவிட்டு மாமனாரை எங்களோடு அழைத்து வந்திருந்தோம். பகல் முழுக்க வீட்டில் அவரும் ஒரு பூனையும்தான்.

சுவரேறிக் குதித்து வந்த பூனை அது. வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது. அதற்குச் சோறு வைக்காமல் மாமனார் தன் தட்டைத் தொடமாட்டார். மாடு வைத்திருந்த காலத்துப் பழக்கம். வாயில்லா ஜீவனுக்குப் போட்ட பிறகுதான் வீட்டு ஆளுக்கு. மாட்டைக் கூப்பிடுவது போல நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுப்பார், எங்கிருந்தாலும் ஓடி வரும். ஒரு வருடத்தில் ஓட்டம் நடையானது. அப்புறம் வயிறு தரையைத் தேய்க்க, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. நாற்காலியில் ஏறக்கூட முடியாமல் கீழே நின்று கத்தும்.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். எடை ஏழு கிலோவைத் தாண்டியிருந்தது. இப்படியே விட்டால் சர்க்கரை வரும், மூட்டு போய்விடும் என்றார் டாக்டர். அதற்காகச் சட்டென்று பட்டினி போட்டுவிடக் கூடாதாம், குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரல் கெட்டுவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்.

எனக்குக் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். அளவு தப்பினால் தூக்கம் வராத ஜென்மம் நான். பூனைக்கான பிஸ்கட்டைக் காபி டம்ளரில் அளந்து காலையும் மாலையும் நானே வைத்தேன். நடுவில் எதுவும் போடவேண்டாம் என்று மாமனாரிடம் சொன்னேன், தலையாட்டினார். அடுத்த மாதம் எடை பார்த்தால் ஏறியிருக்கிறது. பிஸ்கட் டப்பாவோ பாதி காலி.

மாமனாரிடம் இதை யார் கேட்பது? பூனைக்கு மணி கட்டும் கதைதான். என் கணவர் அப்பா முன்னால் வாயே திறக்கமாட்டார். நானே கேட்டேன்.

"நடுவுல எதுனா போட்டீங்களா மாமா?"

"நான் எங்கம்மா போட்டேன்? காலையில நீ வெச்சதோட சரி."

பூனையோ மீசையில் தயிர்ச்சோறு ஒட்டியிருக்க, அவர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இந்த வயதில் ஒரு பூனைக்காகப் பொய் சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் வாசலில் போய் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அப்புறமும் பூனை இளைக்கவில்லை. மாமனார்தான் இளைத்தார். ஓசூர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மாமியார் இல்லாத ஏக்கம் என்று நாங்களாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் யார் யோசித்தோம்?

ஒருநாள் கம்பெனியில் மிஷின் நின்றுபோய் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் அடுக்களையில் குனிந்து பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். அவருக்காகக் குக்கரில் நான் வைத்துவிட்டுப் போன சோறு. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று கதவோரம் நின்றேன். அவர் தட்டைக் கழுவினார், துடைத்தார், கவிழ்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பூனை வந்து காலில் உரசியது.

"பாவம், பொழுது விடிஞ்சதுல இருந்து ஒண்ணும் திங்கல," என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், குக்கரில் மிச்சமிருந்ததையும் வழித்து வைத்தார்.

கதவோரத்திலிருந்து உள்ளே போனேன். நீங்கள் சாப்பிட்டீர்களா மாமா என்று கேட்டேன். என்னைப் பார்த்து அவர் திடுக்கிடக்கூட இல்லை.

"இன்னும் இல்லம்மா. மொதல்ல அதுக்குப் போட்டுட்டுத்தான." மறுபடியும் குக்கரைத் திறந்தார். காலிக் குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சோறு எங்கம்மா? நீ இன்னும் ஆக்கலயா?"

அந்த முகத்தில் பொய் இல்லை. பசி இருந்தது, பசி என்று சொல்லத் தெரியவில்லை.

பெங்களூரில் மூளை டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய், வேகத்தைத் தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது என்றார். திரும்பி வரும்போது காரில் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார். பொய் சொல்கிறீர்களா என்று அன்றைக்கு நான் கேட்டது அவருக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவரைத் தடுக்கவில்லை. ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு மதியம் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தோம். அவர் எழும்போதெல்லாம், "தண்ணி காட்டுங்க மாமா" என்போம். மாட்டுக்குத் தண்ணி காட்டின பழக்கம் மட்டும் அவரிடமிருந்து போகவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு நிம்மதியாகத் தன் தட்டுக்கு வருவார். பூனை அதை மோந்துவிட்டு எங்களை முறைக்கும். அது மெல்ல இளைத்தது, அவர் உடம்பு சற்றுத் தேறியது. அந்த மாதங்கள் நன்றாகவே போயின.

பிறகு அந்த நாக்குத் தட்டும் சத்தம் குறைந்தது. ஒருநாள், "இது யாரு வூட்டுப் பூனை?" என்று கேட்டார். நம்முடையதுதான் என்றேன். "அப்படியா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

போன மாதம் பூனையை எடை போட்டோம், நாலரை கிலோ. இவ்வளவு கண்டிப்பாக யாரும் குறைப்பதில்லை என்று டாக்டர் மெச்சினார். தலையாட்டிவிட்டு வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். டாக்டரிடம் என்ன சொல்ல? மாமனார் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார், அதனால்தான் இவ்வளவு இளைத்தது என்றா?

இப்போதும் சாப்பாட்டு வேளையில் அது அவர் காலடியில் வந்து முகத்தையே அண்ணாந்து பார்க்கிறது. அளந்த சோற்றை அவர் கையில் கொடுத்து, கையைப் பிடித்துக் கிண்ணத்தில் போட வைக்கிறேன். சில நாள் அளவுக்கு மேலேயே விழுந்துவிடும், நான் திருப்பி எடுப்பதில்லை. அளவு தப்பினால் தூக்கம் வராத நான், அவர் ஒரே ஒருமுறை நாக்கைத் தட்டிக் கூப்பிட்டு அந்தப் பூனை மறுபடியும் குண்டாகிவிடாதா என்று தினமும் ஏங்குகிறேன்.