டி டிரைவைக் காணோம்

விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் ஏற்றித் தருவது, ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்துவிடும் வேலை. பிறகு குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் குடிவைத்தவர் தலைதான் உருளும்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் பதினான்கு வருடமாக என் தலை உருண்டுகொண்டிருக்கிறது. படியேறி வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு "சார் இல்லையாம்மா?" என்பார்கள். சார் கிடையாது, நான்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரித்துக் கொடுத்தும், பிரித்தது கோணலாகப் போனால் சரிக்கட்டியும் வயிறு வளர்க்கும் என் இனத்தாரே, போன மாதம் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். வேறு யாருக்குப் புரியும்?

எல்லாத்துக்கும் ஓகே

செவ்வாய்க்கிழமை காலை, கடையைப் பெருக்கக்கூட விடாமல் ரிஸ்வானா வந்து நின்றாள். இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு படிக்கிற பெண். மார்போடு அணைத்திருந்த லேப்டாப் அவளுடையது இல்லை, அவள் அத்தாவுடையது, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாக அவர் கடைந்து கொடுத்த ஒவ்வொரு இரும்புச் சாமானின் டிராயிங்கும் அதன் டி டிரைவில்தான் இருந்தது. காலேஜில் லினக்ஸ் கேட்கிறார்கள் என்று ஒரு வீடியோவைப் பார்த்து இவளே ஏற்றியிருக்கிறாள். லினக்ஸ் வந்துவிட்டது. விண்டோஸும் டி டிரைவும் போய்விட்டன.

வேறெங்காவது காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அத்தா மக்காவுக்கு உம்ரா போயிருக்கிறார், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திரும்புகிறார். பெண் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னபோது, ஒற்றை ஆளாக நின்று சண்டை போட்டுச் சேர்த்துவிட்டவர் அவர். அவர் வருவதற்குள் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும், அவருக்குத் தெரியவே கூடாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று அது கேட்டிருக்குமே, அதைப் படிக்காமலா அழுத்தினாய் என்று கத்திவிட்டேன். அவள் துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சுக்கா. எல்லாத்துக்கும் ஓகே குடுத்தாதானேக்கா அடுத்த பக்கம் போகும்?"

பெருமாளிடம் ஒரு சாவி

டிஸ்க்கைக் கழற்றி, அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகலில் அழிந்த டிராயிங்குகளைத் தேடச் சொல்லி என் கம்ப்யூட்டரிடம் விட்டேன். பழைய டிஸ்க் என்பதால் நகல் எடுப்பதற்குள்ளேயே ஒன்றரை நாள் போய்விட்டது. வியாழக்கிழமை காலை தேடல் பதினொரு சதவீதத்தில் இருந்தது. உட்கார்ந்து முறைத்தால் அது வேகமாகப் போகாது என்பதால் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

உத்தர வீதியில் ஒரு ஸ்வாமி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பிரபந்தம் சொல்லித் தருகிறவர். அமெரிக்காவில் இருக்கும் மருமான் அங்கிருந்தபடியே இவர் லேப்டாப்புக்குள் புகுந்து, லினக்ஸுக்கு இடம் ஒதுக்குகிறேன் என்று எதையோ மாற்றி வைக்க, மறுநாளிலிருந்து அது நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. எண் இருக்கிறதா என்றேன். பேப்பரில் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். அவர் காலில் விழலாம் போலிருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்து, அந்த எண்ணை எடுத்து வைத்திருக்கும் மனிதரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஆனால் அந்தப் பேப்பர் பூஜை அறையில், சாளக்கிராமப் பெட்டிக்கு அடியில் இருந்தது. திருவாராதனம் முடிந்த பிறகுதான் எடுக்க முடியும். மடி ஆசாரத்தில் இருக்கும் அவர் பேப்பரைத் தொடலாம், லேப்டாப்பைத் தொட மாட்டார். நான் லேப்டாப்பைத் தொடலாம், பேப்பரைத் தொடக் கூடாது. இரண்டு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் உள்ளே நின்றபடி ஆறு ஆறு இலக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பழகியவர் அல்லவா, நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பிச் சொன்னால்தான் அடுத்ததற்குப் போனார். ஓர் எண்கூடத் தப்பவில்லை, லேப்டாப் திறந்துகொண்டது. அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"பெருமாள்கிட்ட குடுத்து வெச்சா எதுவும் தொலையாதும்மா. உங்காத்துல இதையெல்லாம் எங்கே வெச்சுக்கறேள்?"

உறையூர் பாகப்பிரிவினை

சனிக்கிழமை தேடல் முப்பத்தெட்டு. காலையிலும் மாலையிலும் ரிஸ்வானா போன் செய்து சதவீதம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு நடுவில் உறையூரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே லேப்டாப்போடு வந்தார்கள். அண்ணனுக்கு மளிகைக் கடை, பில் போட விண்டோஸ் வேண்டும். தம்பி புரோகிராமிங் படிக்கிறார், லினக்ஸ் வேண்டும். சரிபாதியாகப் பிரித்துவிடுங்கள் என்றார்கள். ஐநூறு ஜிபி என்று போட்டிருக்கும் டிஸ்க், உள்ளே நானூற்று அறுபத்தைந்து என்றுதான் காட்டும். அதைப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது. மீதி முப்பத்தைந்தை நான் அமுக்கிக்கொண்டதாக அண்ணன் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார் என்றே தோன்றுகிறது.

அடுத்த வம்பு, டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் நூறு எம்பியில் வந்தது. லேப்டாப்பைப் போட்டதும் அது முதலில் எட்டிப் பார்ப்பது அந்தச் சின்னப் பாகத்தைத்தான், இரண்டு சிஸ்டமும் கிளம்புவதற்கு வேண்டியது அதற்குள் இருக்கிறது, பொதுக் கிணறு மாதிரி, யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்று சொன்னேன். தம்பி சரி என்றுவிட்டார். அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு யோசித்தார்.

"கெணறு பொதுவாவே இருக்கட்டுங்க. யார் பேர்ல இருக்குன்னு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கு இவனுக்கு ஒரு கல்யாணம் ஆச்சுன்னா தகராறு வரக் கூடாது பாருங்க."

எந்தப் புண்ணியவான் செய்தது?

திங்கட்கிழமை பொன்மலையிலிருந்து ரயில்வே ஊழியர் ஒருவர் பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். மகனுக்காக லினக்ஸ் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்து முறையில் பிரித்த டிஸ்க்கில் முதன்மைப் பாகம் நான்குக்கு மேல் போட முடியாது. விவரம் தெரிந்தவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொண்டு நான்காவதை விரிவுப் பாகமாக விட்டு வைப்பார்கள், அதற்குள் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இதில் நான்கையும் முதன்மையாகவே போட்டுத் தீர்த்திருந்தது. இடம் தாராளமாகக் கிடந்தும் ஐந்தாவதுக்கு வழியில்லை. ஏற்கெனவே அலுப்பில் இருந்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாகம் பிரிக்கத் தெரியாதவனெல்லாம் எதற்குக் கடை வைக்கிறான், இவன்களால்தான் எங்கள் பெயரும் கெடுகிறது என்றேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த என் கடை ஸ்டிக்கரைக் காட்டினார்.

"நீங்கதாம்மா பிரிச்சுக் குடுத்தீங்க, கடை தொறந்த புதுசுல. அப்பவும் இப்படித்தான், இதுக்கு முன்னாடி செஞ்சவனைத் திட்டுனீங்க."

பெயர் இல்லாத மூவாயிரம்

அன்று மாலை தேடல் முடிந்தது. மூவாயிரத்துச் சொச்சம் டிராயிங் கிடைத்தது. ஏறக்குறைய நூறு திறக்கவே இல்லை, அவற்றின் மேல் லினக்ஸ் குந்தியிருந்தது. கிடைத்தவற்றுக்கும் பெயர் இல்லை. அட்டை கிழிந்த புத்தகங்களை மூட்டையில் கொட்டியது போல, எல்லாம் வெறும் எண்ணாக வந்து நின்றன. எது எந்தச் சாமான் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். அத்தா வந்து திறந்தால் முதல் நிமிடத்திலேயே விஷயம் வெளியே வந்துவிடும். என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று ரிஸ்வானாவிடம் சொன்னேன். சொல்லும்போது கஷ்டமாக இருந்தது.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். காலேஜுக்கு லீவ் போட்டுவிட்டு, செவ்வாயிலிருந்து மூன்று நாள் என் கடை மூலையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் திறந்து, ஓரத்தில் எழுதியிருக்கும் ஆள் பெயரையும் தேதியையும் பார்த்துப் பெயர் வைத்தாள். எதுவும் எழுதாததைப் போனில் படம் எடுத்து, பட்டறையில் வேலை பார்க்கும் மாணிக்கத்துக்கு அனுப்பிக் கேட்டாள். இன்னொரு பக்கம் நான் அவள் முதலில் ஆசைப்பட்டபடியே விண்டோஸுக்கு ஒரு பாகம், லினக்ஸுக்கு ஒரு பாகம், டி டிரைவுக்குத் தனிப் பாகம் என்று பிரித்து முடித்தேன். அத்தாவிடம் நீயே சொல்லிவிடு என்றேன். சொல்றேன்க்கா, வந்து ரெண்டு நாள் ஆகட்டும் என்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி டிராயிங்குக்குப் பெயர் வைத்துவிட்டு, ஸ்கிரீனை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புஷ்ஷுங்கற வளையம் எது, ஃபிளாஞ்சுங்கற தட்டு எதுன்னு இப்பதான்க்கா தெரியுது. இத்தனை வருஷமா அத்தா அங்க என்னதான் செய்றாங்கன்னு நான் கேட்டதே இல்ல."

பேரீச்சம்பழம்

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒருவர் படியேறி வந்தார். உம்ராவில் எடுத்த மொட்டையில் முடி அரும்பியிருந்தது. விரல் இடுக்கிலெல்லாம் பட்டறைக் கரி. லேப்டாப் பையில் என் கடைச் சீட்டு கிடந்ததாம். ரிஸ்வானாவின் அத்தா என்று அவர் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "பாய், அது வந்து..." என்று இழுத்தேன். அவர் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தையும் சின்ன பாட்டிலில் ஜம்ஜம் தண்ணீரையும் மேசைமேல் வைத்தார்.

"நான் 'நியூ', 'நியூ நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல் கரெக்ட்'னுதாம்மா பேர் வப்பேன். ஒரு டிராயிங்கைத் தேட அரை நாள் ஆகும். இப்பப் பாத்தா 'லால்குடி ரைஸ் மில், பெரிய புஷ்'னு இருக்கு, 'முசிறி பம்ப் செட், இடது பக்கம்'னு இருக்கு. கொஞ்சம் காணல. காணாததை மறுபடி வரைஞ்சுக்கலாம், அளவெல்லாம் கையில இருக்கு" என்றார். அவளைக் கேட்டீர்களா என்றேன். சாப்பாடு வைக்கும்போதுகூட என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேன் என்கிறாள், இதில் நான் எப்படிக் கேட்பது என்றார். சொந்தக்காரர்கள் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதில் அவருக்கும் பயம் இருந்தது. படிப்பை நிறுத்து என்று கிளம்பிவிடுவார்களாம். பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் படி இறங்குவதற்கு முன் திரும்பிப் பார்த்தார்.

"அவளா வந்து சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் வந்துட்டுப் போனது உங்களுக்கும் தெரியாது."

அன்று சாயங்காலமே ரிஸ்வானா போன் செய்து, அத்தாவுக்கு எதுவும் சந்தேகம் வந்திருக்குமாக்கா என்று கேட்டபோது, தொலைந்த மூவாயிரத்தைத் தேடி எடுத்ததைவிடக் கஷ்டப்பட்டு, வாயில் பேரீச்சம்பழத்தோடு, "எனக்கென்னம்மா தெரியும், நீயே அவர்கிட்ட கேளு" என்றேன்.