கழுவி வைத்த டாங்கி

குடியரசு தின விழாவில் கொடுத்த நற்சான்றிதழ், உத்திராபதியைத் ‘தூசியையும் கறையையும் கண்ட இடத்தில் பொறுத்துக்கொள்ளாதவர்’ என்று வர்ணிக்கிறது. பெரம்பலூர் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் துப்புரவு மேற்பார்வையாளர். தெருவைப் பொறுத்தவரை சான்றிதழில் பொய்யில்லை. வீட்டுக்கு வந்தால் மனிதர் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்ன ராணுவ டாங்கிகள் செய்து, பெயின்ட் அடித்து, நிஜம்போலத் தெரிய அவற்றின்மேல் பொறுமையாக அழுக்கை ஏற்றுவார்.

போன வருடம் திருச்சியில் நடந்த மாடல் கண்காட்சிக்கு ஒரு டாங்கியைப் பளபளவென்று கொண்டுபோயிருந்தார். டாங்கிப் படையிலிருந்து ஓய்வுபெற்ற நடுவர் பார்த்துவிட்டு, பொம்மை நன்றாக இருக்கிறது என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாகத்தான் இந்த வருடத்து டி-55 டாங்கி.

கையில் அடங்குகிற வண்டி. பச்சைப் பெயின்டின் மேல் துருவின் நிறத்தைப் பஞ்சால் ஒற்றினார். செந்துறை சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் நின்ற இடங்களில் வெள்ளைத் தூசியை அள்ளிவந்து, துணியில் சலித்து, சங்கிலிப் பட்டைகளில் தூரிகையால் படியவைத்தார். வார்னிஷ் அடித்தால் தூசியின் நிறம் மங்கிவிடும் என்று அடிக்கவில்லை. ஆக, ஆறு மாத உழைப்பு ஊதினால் பறக்கும் நிலையில் அலமாரியில் இருந்தது.

ஆயுத பூசை வந்தது. அவர் மனைவி வேணி அன்றைக்கு வீட்டில் எந்த வண்டியையும் கழுவாமல் விடுகிற ஆள் இல்லை. ஸ்கூட்டர், மகளின் சைக்கிள், அப்புறம் டாங்கி. உத்திராபதி பொரி வாங்கிக்கொண்டு வந்தபோது அது முகப்பில் சந்தனமும் குங்குமமும் பீரங்கியில் சாமந்தியுமாக மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்றது.

“மூணு தண்ணி மாத்துனேங்க. அப்புடி ஒரு அழுக்கு,” என்றாள் வேணி.

“அது அழுக்கு இல்லடி. ஆறு மாச வேலை.”

“ஊரு அழுக்க எடுக்கச் சம்பளம் வாங்குறீங்க. வூட்டுல உக்காந்து அதையே ஆறு மாசமா பூசுனீங்களாக்கும்?”

உத்திராபதி பொட்டைத் துடைத்துவிட்டு மறுபடி தூசி ஏற்றலாம் என்று தூரிகையை எடுத்தார். பூசை போட்ட வண்டியில் பொட்டை அழித்தால் வீட்டுக்கு ஆகாது என்று வேணி சொல்லிவிட்டாள். சாமி விஷயத்தில் அவருக்கும் துணிச்சல் போதாது. கண்காட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ‘பொம்மை’யை இன்னொரு முறை கேட்டுவிட்டு வரத் திருச்சி பஸ் ஏறினார்.

அதே நடுவர். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். சக்கரங்களின் இடுக்கிலும் மூடியின் ஓரத்திலும், வேணியின் விரல் எட்டாத இடங்களில் மட்டும் மண் மிச்சமிருந்தது.

“எங்க யூனிட்ல ஆயுத பூசைக்கு இப்புடித்தான் கழுவி நிறுத்துவோம். எவ்வளவு தேச்சாலும் இந்த எடத்துல மட்டும் சேறு போவாது,” என்றார். “யாரு சார் இவ்வளவு கவனமா கழுவுனது?”

உத்திராபதி தான்தான் என்று சொல்லி, இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டு வந்தார்.