ஆறு மணித் தீர்ப்பு

போன வாரம் ஒரு நாள் முழுக்க கோர்ட்டில் இருந்தேன். பயப்படாதீர்கள் — குற்றவாளி நான் இல்லை. ஜாமீன்தார்!

சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளி அருளப்பன், என்னிடம் படிக்கும் ஸ்டெல்லாவின் அப்பா. மடியில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டார். விற்க அல்ல, புகைக்கத்தான். ஒப்புக்கொண்டும் விட்டார்.

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து, கோர்ட்டுக்குப் போகும் ஜீப்பில் பதினைந்து பேரை அடைக்கிறார்கள். அந்த நெரிசலில் அவர் மனைவி சவரியம்மாள் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். ஜெயிலுக்குப் போனால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும். மூன்று பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்?

நன்னடத்தை ஜாமீனில் விடலாம் என்றார் எங்கள் வக்கீல். விடுங்கள், ஆனால் முதலில் பத்து நாள் உள்ளே இருக்கட்டும், அப்போதுதான் பயம் வரும் என்றார் அரசு வக்கீல். இருவரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி மோதினார்கள். கடைசியில் என்ன... முடிவு நீதிபதியின் மனசில்!

அவர் மலையாளி. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழிலேயே அருளப்பனைக் கேட்டார்.

"பத்து நாள் உள்ளே இருந்தால் இந்தப் பழக்கம் போகுமா?"

அருளப்பனுக்குப் பொய் சொல்ல வராது. "போவாதுய்யா. எனக்குப் பொட்டலம் குடுத்த ஆளு அங்கனதான் இருக்கான்."

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. ஜெயில் வேண்டாம், ஒரு வருஷம் நன்னடத்தை, ஜாமீனுக்கு இந்த வாத்தியார் என்று எழுதினார்.

"வேறு நிபந்தனை ஏதாவது?" என்று வக்கீல்களைப் பார்த்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து சவரியம்மாள் எழுந்தாள்.

"சாயந்தரம் ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்னு எழுதுங்கய்யா."

எழுதினார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

ஜாமீன் நின்றவனுக்கு நிம்மதி ஏது? நேற்று சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்தேன். ஐந்தரைக்கே வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார் அருளப்பன்.

"இன்னும் அரை மணி இருக்கேய்யா!" என்றேன்.

"லைன் முனையில வந்து நின்னு வழி பாக்கா, சார். இத்தன வருசமும் நின்னுருக்கா. இருட்டி, அவ உள்ள போன பொறவுதான நான் வருவேன்... தெரியாமப் போச்சு."

அந்த அரசு வக்கீலுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று விசாரிக்க வேண்டும்; தெரிந்தால் இதை அனுப்பி வைக்கலாம்.