புளி போட்டு விளக்கிய ஜப்பான் ஜாடி

ஒரு ஜப்பானியரை வெறும் புளியைக் கொண்டு கண்கலங்க வைத்தவள் கோயமுத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா கணபதியில் சின்னதாக ஒரு பவுண்டரி நடத்தினார். பம்ப்செட்டுக்கான பாகங்களை வார்த்துக் கொடுப்பார். அதைப் பார்க்க வந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர், போகும்போது ஒரு வெண்கல ஜாடியைப் பரிசளித்துவிட்டுப் போனார். அவருடைய கொள்ளுத்தாத்தா வாங்கியபோதே அது பழசாம். மூங்கில் புதர், அதனடியில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு, கழுத்தருகே ஒரு தும்பி. எல்லாம் அழகுதான். ஆனால் எல்லாமே அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கருப்பு.

மறுவருடம் அவர் திரும்ப வருவதாக ஃபேக்ஸ் வந்தது. வார்த்த பாகங்கள் அவருக்குப் பிடித்திருந்தால் ஆர்டர். இல்லாவிட்டால் உலையை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான் என்று அப்பா ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அழைத்துவர அப்பா விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அம்மாவின் கண்ணில் ஷோகேஸ் பட்டது.

“அய்யோ அம்மணி, அந்த மனுசன் குடுத்த சாமானை ஒருக்காக்கூட வெளக்கலியே! ஊட்டுல பொம்பளைங்களே இல்லியான்னு நெனைக்க மாட்டாரா?”

“நீங்க அடுப்பைப் பாருங்கம்மா, இதை நான் பாத்துக்கறேன்.”

வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு விளக்குவது என் இலாகா. கணக்கில் எப்படியோ, பித்தளையில் நான்தான் வகுப்பில் முதல். புளி, செங்கல்பொடி, தேங்காய் நார் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூறு வருடத்துக்கு மேல் காற்றும் கைகளும் சேர்த்து வைத்திருந்த கருமை, அரைமணி நேரத்தில் சாக்கடையில் ஓடிவிட்டது. கொக்கு தகதகவென்று நின்றது. மொட்டையாக இருக்கிறதே என்று அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

அப்பா விருந்தாளியோடு உள்ளே வந்தார். உலோகத்தோடு பிழைக்கிற மனிதர், நான் கழுவிவிட்டது அழுக்கை அல்ல, ஜாடியின் வயதை என்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“யாரு இதைத் தேச்சது?” என்றார் அப்பா.

“நாந்தானுங்கப்பா!” என்றேன், பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்ட மாதிரி.

விருந்தாளி ஜாடியை இரண்டு கைகளாலும் எடுத்தார். கொக்கைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார். கண் கலங்கியது. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்பா அதைத் தமிழாக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

“அவரு கொள்ளுத்தாத்தா கூட இதை இத்தனை புதுசாப் பாத்ததில்லைன்னு சொல்றாரு, கண்ணு.”

பிறகு அவர் என் முன்னால் வந்து இடுப்புவரை குனிந்தார். நானும் குனிந்தேன். அம்மா அடுக்களை வாசலிலிருந்து அப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார்கள். சாயங்காலம் ஆர்டர் கிடைத்துவிட்டது. அதை வாங்கித் தந்தது புளிதான் என்று கல்லூரிவரை சொல்லித் திரிந்தேன். அப்பா ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

அடுத்த முறை அந்த ஜப்பானியர் வந்தபோது எனக்கென்றே ஒரு பரிசு கொண்டுவந்தார். முழுக்கப் பிளாஸ்டிக்கில் ஒரு பென்சில் பெட்டி. மேலே கொக்குப் படம்.

“பாவம்ங்கம்மா,” என்று அம்மாவின் காதில் சொன்னேன். “வெளக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத சாமானா பாத்து வாங்கியாந்திருக்காரு. வெவரம் பத்தல.”