ரொட்டி சுட்டவர்

ஐம்பதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். அங்கே எங்கள் கோவிலில் இயேசுவின் நினைவாகப் பகிர்ந்து உண்ணும் நற்கருணை அப்பத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவரை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நெடிய, ஒல்லியான மனிதர். ஞாயிற்றுக்கிழமையும் புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். போதகர் அப்பத்தைக் கையில் எடுத்ததும், நற்கருணை வாங்கும் வயது வராத பிள்ளைகளோடு இவரும் எழுந்து வெளியே போய்ப் பனிமூட்டத்தில் நின்றுகொள்வார். ஆராதனை முடிந்து வருகிறவர்களிடம், "இன்னைக்கு ரொட்டி நல்லா வெந்திருந்துச்சுங்களா?" என்று கேட்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ள வந்து வாங்கிப் பாருங்களேன்! யாரு தடுத்தா உங்கள?"

"யாரும் தடுக்கலீங்க சார். அபாத்திரமா வாங்கக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்குங்களே. எனக்குத் தகுதி பத்தாதுங்க."

"கூலியாளுகள உதைக்கிற காண்ட்ராக்டர் மொத ஆளா முட்டி போடுறாரு. அவருக்கு மட்டும் தகுதி இருக்கா?"

"அவருக்கு மன்னிப்பு கெடச்சிருச்சுன்னு தோணியிருக்கும் சார். நானும் தெனம் கேக்குறேன். எனக்குத் தோணவே மாட்டேங்குது."

கம்பளித் தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொன்னார். தோளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. எந்தப் பிரசங்கம் இவரை இப்படி மிரட்டி வைத்தது? கடவுளே மன்னித்தாலும் ஒத்துக்கொள்ளாத இதற்குப் பெயர் பணிவா?

அடுத்த நற்கருணையிலும் எழுந்து போனார். அவர் சுட்டதைக் கோபத்தோடேயே மென்று விழுங்கினேன். வெளியே வந்ததும் அதே கேள்வி.

"நல்லா வெந்திருந்துச்சுங்க" என்றேன்.

அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.